உளுந்து டின்னும் இருபது ஷில்லிங்கும்

உங்கள் வீட்டில் சிறுவாட்டுப் பணம் எந்த டப்பாவுக்குள் இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் என்னைவிட நல்ல பிள்ளை. நான் சொல்லிவிட்டேன்.

1978 கோடை விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. கும்பகோணத்தில் அத்தை வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிக் குரல் கரைந்துவிடும், அவ்வளவு நீளம். அடுக்களை அலமாரியில் வரிசையாகத் தகர டின்கள். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து, மிளகாய். ஒருநாள் மத்தியானம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்கப் போனேன். அத்தை தரையில் உட்கார்ந்து உளுந்து டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு சுருக்குப்பையை எடுத்தாள். ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகளைப் பிரித்து மடியில் வைத்து எண்ணினாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாள். ஐஸ் வாங்கிக்கொள் என்று கால் ரூபாய் கொடுத்தாள். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, மாதக் கடைசியில், மாமாவின் சிநேகிதர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். மாமா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார்கிட்டயாவது கைமாத்து வாங்கணும்" என்று முணுமுணுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அத்தைகிட்ட நிறைய இருக்கு மாமா, உளுந்து டின்ல" என்றேன்.

மாமா கெட்டவர் இல்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. "அட, நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு பேங்க் இருக்குதா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். 142 ரூபாய் இருந்தது. எல்லோரும் சினிமாவுக்குப் போனோம், அல்வா சாப்பிட்டோம். அத்தையும் வந்தாள், சாப்பிட்டாள். ராத்திரி வந்து எல்லோருக்கும் தோசை வார்த்தாள். அதன் பிறகு இருபது வருஷம், கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், மாமா இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத விசேஷமே இல்லை. அத்தையும் கூடவே சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு முதலில் சந்தேகம் வந்தது ஓர் ஆங்கில நாவலால். சார்லோட் பிராண்ட்டி எழுதி 1847-ல் லண்டனில் வெளியான 'ஜேன் அயர்'.

கல்லூரியில் எங்களுக்கு அது நான்-டீடெயில். தலையணை மாதிரி இருக்கும் நாவலைச் சுண்டக் காய்ச்சி நூறு பக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அநாதைப் பெண், பெரிய பங்களா, முரட்டு முதலாளி, மாடியில் பைத்தியம், கடைசியில் கல்யாணம். 'சாந்தி நிலையம்' பார்த்திருந்தால் உங்களுக்கும் அந்த வாசனை தெரியும். ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்து 1969-ல் வந்த அந்தப் படம் இந்த நாவலைத் தழுவியதுதான். நானும் கேரக்டர் ஸ்கெட்ச் எழுதி, பாஸ் பண்ணி, மறந்துவிட்டேன்.

முப்பது வயதுக்கு மேல் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில் முழு நாவல் கிடைத்தது. படித்தபோதுதான் சுருக்கியவர் செய்த காரியம் புரிந்தது. காதலை வைத்துக்கொண்டு கணக்கை எடுத்துவிட்டிருந்தார். இந்த நாவல் முழுக்கக் கணக்கு!

முதல் அத்தியாயத்திலேயே ஆரம்பிக்கிறது. பத்து வயது ஜேன், மாமன் வீட்டில் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமன் மகன் ஜான் வந்து அதைப் பிடுங்குகிறான். உனக்குப் பணம் கிடையாது, உன் அப்பா எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை, எங்கள் அம்மா காசில் சாப்பிடுகிறாய், இந்தப் புத்தகமும் எங்களுடையது என்கிறான். அதே புத்தகத்தை அவள் மேல் வீசுகிறான். தலையில் ரத்தம். அவன் வயது பதினான்கு. உலகத்தின் கணக்கை அந்தப் பையன் எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறான், பாருங்கள்.

பிறகு லோவுட் என்ற தர்மப் பள்ளிக்கூடம். ஆறு வருஷம் மாணவி, இரண்டு வருஷம் டீச்சர். ஒருநாள் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து, மலை இடுக்கில் மறையும் வெள்ளைச் சாலையைப் பார்க்கிறாள். சுதந்திரம் வேண்டும் என்று ஏங்குகிறாள். அது ரொம்பப் பெரிய வார்த்தை, காற்றில் கலைந்துபோகிறது. சரி, ஒரு மாறுதலாவது கொடு என்று வேண்டுகிறாள். அதுவும் கலைகிறது. கடைசியில், புதிதாக ஓர் அடிமை வேலையாவது கொடு என்று கேட்கிறாள். வேலைக்குப் போகும் எத்தனையோ பேர் மனதுக்குள் கேட்டுக்கொண்டதுதானே இது? பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறாள். வேலை கிடைக்கிறது. லோவுட்டில் வருஷத்துக்கு 15 பவுண்டு, தார்ன்ஃபீல்டு மாளிகையில் 30. சரியாக இரட்டிப்பு.

இதெல்லாம் கற்பனை இல்லை. சார்லோட் பிராண்ட்டி யார்க்‌ஷயரில் ஹாவொர்த் என்ற ஊர்ப் பாதிரியாரின் மகள். அவரும் பணக்கார வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1841-ல் ஒரு வீட்டில் அவருக்குப் பேசிய சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டு. துணி வெளுக்கும் செலவைப் பிடித்துக்கொண்டு கையில் வந்தது 16. அந்த 4 பவுண்டு அவர் மனதில் எப்படித் தைத்திருக்கும் என்பதை நாவலைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் ஜேன் கணக்கு வைக்கிறாள்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு காட்சி. சாகக்கிடக்கும் மாமியைப் பார்க்க ஜேன் ஊருக்குக் கிளம்புகிறாள். முதலாளி ரோச்செஸ்டர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். அவளுக்குச் சேர வேண்டியது 15-தான். சில்லறை இல்லையே என்கிறாள். வைத்துக்கொள் என்கிறார். மாட்டேன் என்கிறாள். முறைத்துவிட்டு 10 பவுண்டு கொடுக்கிறார். அவள் வாங்கிக்கொண்டு, இன்னும் 5 பாக்கி இருக்கிறது என்று ஞாபகப்படுத்துகிறாள். இரண்டு பேருக்கும் காதல் முளைத்துவிட்ட நேரம் அது. ஆனாலும் கூலி கூலிதான். இனாம் கையை நீட்ட வைக்கும், கூலி தலையை நிமிர வைக்கும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

கல்யாணம் நிச்சயமாகிறது. ரோச்செஸ்டர் அவளைக் கடைக்கு அழைத்துப்போய்ப் பட்டும் நகையுமாக வாங்கிக் குவிக்கிறார். நம் கதாநாயகி பூரித்துப்போக வேண்டுமா, இல்லையா? அவளுக்கோ கூசுகிறது. பொம்மைக்கு அலங்காரம் செய்வதுபோல இருக்கிறது. வண்டியில் திரும்பி வரும்போது யோசிக்கிறாள். மதீரா தீவில் சித்தப்பா ஒருவர் இருக்கிறாராமே, என்னை வாரிசாக்க நினைத்தாராமே, கொஞ்சமாவது எனக்கென்று பணம் இருந்தால் இந்தக் கூச்சம் இருக்காதே என்று வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் கடிதம் எழுதுகிறாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவள் எழுதிய அந்த ஒரு கடிதம்தான் அவளைக் காப்பாற்றுகிறது. சித்தப்பா கடிதத்தைப் படிக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், ரோச்செஸ்டரின் மைத்துனர். ரோச்செஸ்டருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, மனைவி உயிரோடு அதே மாளிகையின் மூன்றாம் மாடியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறாள் என்ற உண்மை அவர் மூலமாகச் சர்ச்சுக்குள் வந்து கல்யாணத்தை நிறுத்துகிறது. ஜேனைக் காப்பாற்றியது தெய்வம் இல்லை, எனக்கென்று நாலு காசு வேண்டும் என்ற எண்ணம்தான். சிறுவாட்டு ஆசை! எங்கள் நான்-டீடெயிலில் இந்தக் கடிதம் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

மூன்றாம் மாடிக்காரியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெயர் பெர்த்தா, ஜமைக்காவிலிருந்து வந்தவள். அவள் கொண்டுவந்த சீர் 30,000 பவுண்டு. அந்தப் பணத்துக்காகத்தான் ரோச்செஸ்டரின் அப்பா அந்தக் கல்யாணத்தையே முடித்துவைத்தார். அத்தனை பணத்தோடு வந்தவளிடம் தன் அறைச் சாவி இல்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, தனியாகப் பத்திரம் எழுதிவைக்காவிட்டால், மனைவி சம்பாதித்ததும் கணவனுடையது, கையில் கொண்டுவந்ததும் கணவனுடையது. சம்பளமாவது அவளுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1870-ல். சொத்தும் அவளுக்கே என்றானது 1882-ல். அதனால் பணம் இருந்தால் சுதந்திரம் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பெர்த்தாவுக்கு நாவலில் பேச ஒரு வசனம்கூடக் கிடையாது. கரீபியத் தீவில் பிறந்த ஜீன் ரிஸ் என்ற எழுத்தாளர் 1966-ல் அவள் பக்கத்துக் கதையைத் தனி நாவலாக எழுத வேண்டியிருந்தது.

கல்யாணம் நின்ற அன்று ரோச்செஸ்டர் கெஞ்சுகிறார். பிரான்ஸுக்குப் போய்விடலாம், அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது, கணவன் மனைவியாகவே வாழலாம் என்கிறார். உனக்கு அப்பா அம்மா இல்லை, சொந்தபந்தம் இல்லை, நீ என்னோடு வந்தால் யார் வருத்தப்படப் போகிறார்கள் என்றும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஜேன் அவரை உயிருக்கு உயிராக நேசிக்கிறாள், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவள் சொல்லும் பதிலின் சாரம் இது: யாரும் இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேனே, எனக்கு என்னைப் பற்றி அக்கறை இருக்கிறது. துணை இல்லாமல் எவ்வளவு தனியாகிறேனோ அவ்வளவுக்கு என்னை நான் மதித்துக்கொள்வேன்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த நாலு பேருமே இல்லாத இடத்திலும் ஒரு பெண் முடியாது என்று சொல்வதை நான் அதுவரை படித்ததில்லை.

விடிவதற்கு முன்னால் கிளம்புகிறாள். அவர் கொடுத்த முத்துமாலையை வைத்துவிட்டு, தன் பர்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். அதில் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. உலகத்தில் அவளுக்கு இருப்பது அவ்வளவுதான். கோச்சு வண்டிக்காரர் அந்த ஊருக்கு 30 ஷில்லிங் கேட்கிறார். 20-தான் இருக்கிறது என்கிறாள். சரி ஏறு என்கிறார். அந்தக் காசுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் இறக்கிவிடுகிறார், ஆளரவம் இல்லாத ஒரு நாற்சந்தியில். துணி மூட்டையையும் வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். மூன்று நாள் பசி. கைக்குட்டையையும் கையுறையையும் கொடுத்து ஒரு ரொட்டி கேட்கிறாள், கடைக்காரி தர மறுக்கிறாள். பன்றிக்குக் கொட்டப்போன கஞ்சியை ஒரு சிறுமியிடம் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

சுதந்திரத்தைத் தேடிப் போகிறவர்களைப் பற்றிய பாட்டுகளில் கஞ்சி வராது. சார்லோட் பிராண்ட்டி அதை எழுதியிருக்கிறார்.

பிறகு அவளுக்கு நல்ல மனிதர்கள் கிடைக்கிறார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, மறுபடி 30 பவுண்டு, கூடவே ஒரு குட்டி வீடு. மதீரா சித்தப்பா இறந்துபோய் அவளுக்கு 20,000 பவுண்டு வருகிறது. அடைக்கலம் கொடுத்த மூன்று பேரும் அவளுடைய அத்தை பிள்ளைகள் என்று தெரிந்ததும், நாலு பங்காக்கி ஆளுக்கு 5,000 என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறாள். அந்த மூவரில் ஒருவர் செயின்ட் ஜான் என்ற பாதிரியார். தொண்டு செய்ய நம் இந்தியாவுக்குக் கிளம்புகிறவர். அவருக்காக ஜேன் இந்துஸ்தானி கூடப் படிக்கிறாள்! என்னைக் கல்யாணம் செய்துகொண்டு வா, கடவுளின் வேலை இது என்கிறார் அவர். தங்கையாக வருகிறேன், மனைவியாக வர மாட்டேன் என்கிறாள். முதல் ஆளிடம் காதல் இருந்தது, கல்யாணம் செய்துகொள்ள வழியில்லை. இரண்டாவது ஆள் கல்யாணம் என்கிறார், காதல் இல்லை. முதல்வர் ஆசையால் இழுக்கிறார், இவர் புண்ணியத்தால் இழுக்கிறார். இரண்டாவதுதான் கடினம். நல்லவர்களிடம் முடியாது என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கடைசியில் ரோச்செஸ்டரிடம் திரும்பி வருகிறாள். மாளிகை எரிந்துவிட்டது, பெர்த்தா இறந்துவிட்டாள், அவருக்குக் கண் போய்விட்டது, ஒரு கை போய்விட்டது. நான் இப்போது பணக்காரி, யாரையும் அண்டியவள் இல்லை, நீங்கள் இடம் தராவிட்டால் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருப்பேன் என்கிறாள்.

இங்கேதான் எனக்கு ஒரு குறை. இவ்வளவு பாடுபட்டு வெளியே வந்தவள், பொய் சொல்லி ஏமாற்றப் பார்த்த அதே மனிதரிடம் எதற்குத் திரும்ப வேண்டும்? சுதந்திரம் என்றால் போய்விடுவதுதானே? பல வருஷம் இந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது.

பதில் 2016 நவம்பரில், ஐநூறு ரூபாய் நோட்டு வடிவத்தில் வந்தது.

நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், ஞாபகம் இருக்கும். அந்த வாரம் எத்தனை வீடுகளில் எத்தனை டின்கள் கவிழ்ந்தன! கணவனுக்குத் தெரியாமல் வருஷக்கணக்கில் சேர்த்ததைக் கணவன் கையிலேயே கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டிய நிலைமை. அத்தையிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "ஒரு நடை வந்துட்டுப் போறியாடா?"

போனேன். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. திண்ணையில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது இல்லை. அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உள்ளே அழைத்துப்போய் ஒரு பழைய புடவைத் துணி முடிச்சைக் கொடுத்தாள். பதினேழு நோட்டு, 8,500 ரூபாய்.

"மாமாவுக்குத் தெரிய வேண்டாம்டா."

எனக்கு என்னவோ செய்தது. பெற்ற பிள்ளைகள் இருக்க, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் காட்டிக்கொடுத்தவனைக் கூப்பிட்டிருக்கிறாள். என் கணக்கில் கட்டி, பல நாள் ஏடிஎம் வரிசையில் நின்று, நூறு ரூபாய் நோட்டுகளாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அத்தை, அந்த உளுந்து டின் காசு... எதுக்காகச் சேத்தீங்க?"

"எதுக்கும் இல்லடா" என்றாள். கொஞ்ச நேரம் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். "கல்யாணமான புதுசுல ஒருநாள் உங்க மாமா கோவத்துல, போறதுன்னா போ அப்படின்னுட்டாரு. போயிடலாம்னு பொடவை எல்லாம் எடுத்து வச்சேன். திருச்சிக்குப் பஸ்ஸுக்குக் காசு இல்ல. அன்னிக்கு ஆரம்பிச்சது."

"அப்புறம் போகணும்னு தோணலையா?"

"போகணும்னு இல்லடா. கையில காசு இருந்துச்சுன்னா, நான் இங்க இருக்கறது நானா இருக்கறது. இல்லேன்னா வேற வழியில்லாம இருக்கறது. சோறு ஒண்ணுதான். தொண்டையில இறங்கறது வேற மாதிரி."

ஜேன் ஏன் திரும்பினாள் என்று அத்தை எனக்குச் சொல்லிவிட்டாள். தார்ன்ஃபீல்டை விட்டுப் போனபோது கையில் இருந்தது ஒரு வழிக்கு மட்டும் போதாத 20 ஷில்லிங். திரும்பி வந்தபோது எந்த நாளும் எழுந்து போக முடியும். அப்படி எழுந்து போக முடிந்தவள் உட்கார்ந்திருப்பதும், முடியாதவள் உட்கார்ந்திருப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும். சார்லோட் பிராண்ட்டிக்கும் தெரிந்திருக்கிறது. 1854-ல் தனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, எழுதிச் சம்பாதித்ததைக் கணவர் கைக்குப் போகாதபடி நண்பர் ஒருவரின் பொறுப்பில் பத்திரம் எழுதிவைத்தார். கணவர் மேல் அன்பு இல்லாமல் இல்லை. இருந்தும் எழுதிவைத்தார்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது அத்தை" என்றேன். இத்தனை வருஷம் தொண்டையில் இருந்தது.

அத்தை முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆமாண்டா, சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். சமாதானம் எல்லாம் சொல்லவில்லை. அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த மாசமே மிளகா டின்னுக்கு மாத்திட்டேன். உங்க மாமாவுக்கு மிளகா நெடி ஆகாது."

பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துக்கொண்டாள், சரியாக இருந்தது. அவள் அலமாரிப் பக்கம் போனபோது நான் வேண்டுமென்றே கொல்லையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். ஏதோ ஒரு டின்னின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது.

வெளியே வந்தேன். மாமா பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு, "என்னடா, அத்தையும் மருமகனும் உள்ள அப்படி என்ன ரகசியம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.